கரும்புச் சக்கை போட்ட சுவர்

என் மூத்த மகள் மழையால் செத்தாள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அப்படியில்லை. நான் வைக்கோலை மிச்சம் பிடித்ததால் செத்தாள். இதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு இத்தனை வயது ஆக வேண்டியிருந்தது. இனிமேல் யார் என்னை என்ன செய்துவிடப் போகிறார்கள்? சொல்லிவிடுகிறேன்.

பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலம் அது. பாகூருக்குத் தெற்கே எங்களுக்கு ஒரு காணி கரும்பும் அரைக் காணி நெல்லும் இருந்தன. மண் சுவர் வைத்த கூரை வீடு. இப்போது இருக்கிற பிள்ளைகளுக்கு மண் சுவர் வைப்பது எப்படி என்று தெரியாது. களிமண்ணை வெட்டிக் குழியில் போட்டு, தண்ணீர் விட்டு, வைக்கோலைத் துண்டு துண்டாக வெட்டிக் கலந்து, காலால் மிதி மிதி என்று மிதிக்க வேண்டும். பதம் வந்ததும் முழ உயரத்துக்கு ஒரு படை வைக்க வேண்டும். அது காய்ந்த பிறகுதான் அதன்மேல் அடுத்த படை. வெறும் மண் காயும்போது வெடித்துவிடும். உள்ளே இருக்கிற வைக்கோல்தான் வெடிக்க விடாமல் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். எங்கள் ஊரில் இது தெரியாதவன் கிடையாது. எனக்கும் தெரியும்.

அந்த வருஷம் ஏரி பாதிகூட நிரம்பவில்லை. வைக்கோலுக்கு ஊரெங்கும் தட்டுப்பாடு. வீட்டின் மேற்குச் சுவர் சரிந்து கிடந்தது. புதிதாக வைக்கலாம் என்று சுவர் வைக்கிறவனைக் கூப்பிட்டேன். அவனுக்கும் எனக்கும் ஒரே வயது, ஏம்பா போட்டுப் பேசிக்கொள்வோம். குழியில் இறங்கியவன் நான் கொண்டுவந்து போட்ட வைக்கோலைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டான்.

"ஏம்பா, இன்னா இது, இவ்ளோண்டு? இது பத்தாதுபா."

"மாடு இன்னாத்தத் தின்னும்? இருக்கறத வச்சி மிதி. மண்ணு நல்ல மண்ணுதான, புடிச்சிக்கும்."

"மண்ணு நல்ல மண்ணுதான். மழன்னு ஒண்ணு வருமில்ல?"

"வரட்டும் பாத்துக்கலாம்" என்றேன். அவன் மிதிக்க ஆரம்பித்தான். கூலிக்கு வந்தவன், எவ்வளவு பேசுவான்?

கார்த்திகையில் மூன்று நாள் விடாத மழை. மூன்றாம் நாள் மத்தியானம். நாலு வயசு மகள் சாப்பிட்டுவிட்டு அந்தச் சுவரோரம் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். என் மனைவி மாட்டுக் கொட்டகையில் இருந்தாள், நான் வரப்பு உடையாமல் பார்க்கக் கழனிக்குப் போயிருந்தேன். சுவர் உட்கார்ந்துவிட்டது. சத்தம்கூடப் பெரிதாக இல்லையாம். ஈரச் சாக்கைப் போட்ட மாதிரி இருந்ததாம். நான் ஓடிவந்தபோது நாலைந்து பேர் கையாலேயே மண்ணை அள்ளிக்கொண்டிருந்தார்கள். நானும் அள்ளினேன். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல என்னால் ஆகாது.

சாவை மேரியில், பிரெஞ்சுக்காரன் வைத்திருந்த ஊராட்சி ஆபீசில், போய் எழுத வேண்டும். அங்கே எழுதுகிறவர் எப்படி என்று கேட்டார். சுவர் என்றேன். "மழையா?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன். எழுதிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் என் மனைவி முற்றத்தில் கிடந்த சுவர்க் கட்டி ஒன்றை எடுத்துக் கையால் உடைத்துப் பார்த்தாள். உள்ளே அங்கொன்றும் இங்கொன்றுமாக வைக்கோல் இருந்தது. இன்னொன்றை உடைத்தாள். அதில் அதுகூட இல்லை.

"மாட்டுக்குப் பாத்தீங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அடித்திருக்கலாம், மண்ணை வாரித் தூற்றியிருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை.

அவள் அப்போது மூன்று மாத கர்ப்பம். காரியம் முடிந்ததும் அவளுடைய அண்ணன் கரையாம்புத்தூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார். போ என்று நானும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வது? அவள் வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"ஒரு புள்ளயப் பக்கத்துல போட்டுத் தூங்க வைக்கற மாதிரி சொவுரு வையுங்க. வச்சிட்டு வந்து கூப்புடுங்க. வரேன்."

அதற்குப் பிறகு எனக்கு வேறு நினைப்பே இல்லை. பைத்தியம் பிடித்தவன் மாதிரி ஆகிவிட்டேன். எந்த நாரைப் போட்டால் மண்ணுக்கு அதிக வலு வரும் என்று பார்த்தே தீருவது என்று இறங்கினேன். முழ நீளத்தில் பலகைப் பெட்டி ஒன்று செய்தேன். வைக்கோல் போட்டு ஒரு கட்டி, பனை நார் போட்டு ஒரு கட்டி, பூரணாங்குப்பத்திலிருந்து தேங்காய் நார் வாங்கி வந்து ஒரு கட்டி. தை மாசம், ஊரில் கரும்பு ஆலை ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் ஆலையில் பிழிந்து போட்ட சக்கை மலை மாதிரி கிடந்தது. அதிலும் ஒரு கட்டி போட்டேன். எல்லாவற்றையும் வெயிலில் காயவைத்து, இரண்டு கல்லுக்குக் குறுக்கே ஒவ்வொன்றாக வைத்து, நடுவில் கயிற்றால் ஒரு கூடையைத் தொங்கவிட்டு, மரக்காலால் மணலை அளந்து அளந்து கூடையில் கொட்டினேன். கட்டி எத்தனையாவது மரக்காலில் உடைகிறது என்று பார்ப்பது.

ஊரே சிரித்தது. "பொண்டாட்டி போனதுல மண்ணு அளக்கறான்யா" என்று ஆலையில் பேசினார்கள். என் காதில் விழத்தான் பேசினார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

வைக்கோல் போட்ட கட்டி முதலில் உடைந்தது. பனை நார் கொஞ்சம் தாங்கியது. தேங்காய் நார் அதற்கு மேலும் தாங்கியது, ஆனால் உடைந்தபோது நார் முழுசாக வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. மண் அதைப் பிடிக்கவே இல்லை. கரும்புச் சக்கை போட்டது மட்டும் உடையவில்லை. கூடை நிரம்பிவிட்டது. நான் ஏறி நின்றேன், அப்போதும் உடையவில்லை. உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில் அழுதேன் என்று அப்போது நினைத்தேன்.

ஏன் உடையவில்லை என்று எனக்கு உடனே காரணமும் தெரிந்துவிட்டது. புத்திசாலி அல்லவா! புதுச்சேரியில் வெள்ளைக்காரர் பங்களாக்களுக்குக் கொத்தனார்கள் சுண்ணாம்பு அரைக்கும்போது வெல்லத் தண்ணீர் ஊற்றுவதை நான் வண்டி ஓட்டிப் போன காலத்தில் பார்த்திருக்கிறேன். வெல்லம் சுண்ணாம்பைக் கல்லாக்கும் என்று அவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். சக்கையிலும் வெல்லம்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாரும் உண்டு, வெல்லமும் உண்டு, இதைவிட வேறு என்ன வேண்டும்? கரும்பு போடுகிறவன் புத்தி அப்படித்தான் போகும். நெல் மட்டும் போடுகிறவனுக்கு இப்படி ஒரு முட்டாள்தனம் தோன்றியே இருக்காது.

சுவர் வைக்கிறவன் வந்தான். சக்கையை எடுத்து மோந்து பார்த்தான்.

"நல்லாத்தான்பா இருக்கு. ஆனா அலசிப் போடு. இனிப்போட போட்டா எறும்பு வரும், அது பின்னாலயே செல்லு வரும்."

"அலசினா வெல்லம் போயிடும்பா. வலுவே அதுலதான் இருக்கு."

"எனக்குத் தெரிஞ்சத சொன்னேன்."

"உனக்கு வைக்கோலு தெரியும். இது வேற" என்றேன். போன தடவை அவன் சொன்னதைக் கேட்காமல் மகளைப் பறிகொடுத்தவன் நான். அதே ஆளிடம் இந்த வார்த்தையைச் சொன்னேன். என் வாயைச் செருப்பால் அடிக்க வேண்டும். அவன் குழியில் இறங்கி மிதித்தான்.

மாசியில் சுவர் எழுந்தது. ஒவ்வொரு படையையும் நன்றாகக் காயவைத்தோம். வீடு முழுக்க ஆலை வாசனை. கடப்பாரையால் தட்டினால் ணங்கென்று கேட்டது. வைகாசியில் கரையாம்புத்தூரிலிருந்து ஆள் வந்து பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்றான். மூன்று மாதம் போகட்டும் என்று இருந்துவிட்டு ஆவணியில் போய்க் கூப்பிட்டேன். சொன்ன சொல் மாறாமல் வந்தாள்.

வீட்டுக்குள் வந்தவள் முதலில் அடுப்பைப் பார்க்கவில்லை. சுவரிடம் போனாள். உள்ளங்கையால் தட்டினாள். தோளைக் கொடுத்துத் தள்ளினாள். பிறகு பாயை விரித்துக் குழந்தையைச் சுவரோரம் போட்டாள். பக்கத்தில் தானும் படுத்தாள். கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது. பத்து மாதமாக அவள் தூங்கவில்லை என்று அவள் அண்ணன் என்னிடம் சொல்லியிருந்தார். அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேனே, என் வாழ்நாளில் அதற்குச் சமமான நேரம் வேறு இல்லை.

எறும்பு ஆனி மாசமே வந்திருந்தது. எந்த வீட்டில் எறும்பு இல்லை என்று மஞ்சள் தூளைத் தூவிவிட்டிருந்தேன். புரட்டாசி பிறந்ததும் வெளிப்பக்கம் அடியிலிருந்து விரல் கனத்துக்கு ஒரு மண் கோடு ஏறியிருப்பதைப் பார்த்தேன். கரையான். சுவர் வைக்கிறவன் சொன்ன செல்லு இதுதான். சுரண்டிவிட்டேன். இரண்டாம் நாள் இரண்டு கோடு. அரிவாள் நுனியால் லேசாகக் குத்திப் பார்த்தேன். அரிவாள் சாண் ஆழத்துக்குப் போய்விட்டது. உள்ளே சக்கை இருந்த இடமெல்லாம் ஓட்டை. வெல்லத்தைத் தேடி வந்தது நாரையும் தின்றுவிட்டுப் போயிருந்தது. வெளியே பார்த்தால் வழவழவென்று புதுச் சுவர்.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. நான் கட்டிகளை எல்லாம் தை, மாசி வெயிலில் காய்ந்த நிலையிலேதான் சோதித்தேன். ஒரு கட்டியைக்கூடத் தண்ணீரில் போட்டுப் பார்க்கவில்லை. வெல்லம் காய்ந்தால் பிடிக்கும், நனைந்தால் கரையும். இது கரும்பு போடுகிறவனுக்குச் சொல்லித் தர வேண்டிய சங்கதியா? மழையில் விழுந்த சுவருக்குப் பதில் வெயிலில் நிற்கிற சுவரை வைத்திருக்கிறேன்.

அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கே, அரிவாள் கையில் இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். நான் போய்ச் சாணியும் செம்மண்ணும் கரைத்தேன். அவள் தண்ணீருக்குப் போயிருந்த நேரத்தில் ஓட்டையை அடைத்துப் பூசினேன். அதோடு விட்டதா? இரண்டு நாளைக்கு ஒரு தரம் வேறு ஒரு இடத்தில் கிளம்பும், நானும் பூசிக்கொண்டே இருந்தேன்.

"இன்னா அடிக்கடி சாணி கரைக்கறீங்க?" என்று கேட்டாள்.

"வெளிப்பக்கம் வெயில் அடிக்குதில்ல, மேலால வெடிக்குது."

"சொவுரு கெட்டிதான?"

"கல்லுடி."

தினம் ஒரு தரமாவது இப்படிக் கேட்பாள். நானும் கல்லுடி என்பேன். கேட்டுவிட்டு என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்ப்பாள். நம்பிக்கை வருவதற்காகக் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பனைமரத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து வெளியிலிருந்து சுவருக்கு முட்டுக் கொடுத்தேன். மாடு கட்ட என்று சொன்னேன். சாய்வாக நிற்கிற கட்டையில் எவனாவது மாடு கட்டுவானா? அதற்கும் சரி என்றாள்.

சுவர் வைக்கிறவன் ஒரு நாள் அந்தப் பக்கம் போனவன் முட்டுக் கொடுத்த கட்டையைப் பார்த்துவிட்டு நின்றான். நான் சொன்னபடிதான் ஆச்சு என்று குத்திக்காட்டவில்லை.

"பொண்டாட்டிகிட்ட சொல்லிடுபா. இடிச்சிட்டுப் புதுசா வச்சிக்கலாம். கூலிகூட வாணாம், நான் வரேன்."

"மழ முடியட்டும்பா."

"மழைக்கு முன்னாலதாம்பா சொல்லணும்."

சொன்னால் போய்விடுவாளே என்ற ஒரே பயம்தான் எனக்கு. அவள் அந்தக் குழந்தையைக் குளிப்பாட்டிக் காலில் போட்டுத் தட்டும்போது, மூத்தவளைப் பற்றி ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை என்று என்னிடம் பேச ஆரம்பித்திருந்தாள். அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. குழந்தை செத்தாலும் பரவாயில்லை, பேச்சு கெடக்கூடாது என்று நினைத்தவன் மாதிரிதானே நடந்துகொண்டிருக்கிறேன்? இப்போது கணக்காகத் தெரிகிறது. அப்போது தெரியவில்லை.

ஐப்பசியில் முதல் பெரிய மழை பகலில் பிடித்தது. கழனியில் இருந்தேன். போட்டதைப் போட்டபடி விட்டுவிட்டு ஓடிவந்தேன். வழியெல்லாம் சுவர், சுவர் என்றே மனசு அடித்துக்கொண்டது. சுவர் நின்றுகொண்டிருந்தது. வீட்டுக்குள் யாரும் இல்லை. மாட்டுக் கொட்டகையில், கோணிச் சாக்கைத் தலைக்குப் போட்டுக்கொண்டு, குழந்தையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள்.

"இங்க இன்னா பண்ற?" என்றேன்.

"மழ வந்துட்டுது. உள்ள இருக்க முடியாது" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள்.

நான் அப்படியே சாணியிலும் சேற்றிலும் உட்கார்ந்துவிட்டேன். "எப்பலருந்து தெரியும்?"

"புரட்டாசி மொத சனிக்கெழமையிலருந்து. சொவுத்துல காத வச்சா உள்ள கறுக்கு கறுக்குன்னு கேக்குது. உள்பக்கம் நானும்தான் பூசிக்கினு இருந்தேன். நீங்க வெளிய பூசனீங்க."

"தெரிஞ்சுமா புள்ளைய அங்க படுக்க வச்ச?"

"நீங்க வூட்ல இருந்தா போடுவேன். வெளிய போனதும் எடுத்துக்கினு இங்க வந்துடுவேன். தெரிஞ்சதுலருந்து ஒருநாளும் அங்க தூங்க வைக்கல, ராத்திரிகூட நீங்க கண்ணசந்ததும் தள்ளிப் போட்டுடுவேன்."

"ஏண்டி என்ன கேக்கல?"

"தெனமும் கேட்டேனே" என்றாள்.

போயிடுவியோன்னு பயந்தேன் என்றேன். "சொல்லியிருந்தா ரெண்டு பேருமா சேந்து இடிச்சிருக்கலாம். நான் மண்ணு மிதிக்க மாட்டேனா? எனக்குக் கால் இல்லயா?" என்றாள். அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. மழை விட்ட மூன்றாம் நாள் அவள் அண்ணன் வண்டி வந்தது. இந்தத் தடவை வண்டியில் ஏறியவள் எதுவும் சொல்லவில்லை.

அந்த மழைக்காலம் முழுக்க நான் அந்தச் சுவரோரம் பாயைப் போட்டுக் கிடந்தேன். விழுந்தால் விழட்டும் என்றுதான். ஒளித்துச் சொல்ல என்ன இருக்கிறது, விழ வேண்டும் என்றுதான். தண்ணீர் ஊறி ஊறிச் சுவர் வீங்கியது, சாய்ந்தது, பனைமரத் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றது. பாழாய்ப்போன சுவர், வேண்டாதபோது நின்றது. தை பிறந்ததும் நானே கடப்பாரையை எடுத்தேன். நாலு குத்தில் கொட்டிவிட்டது. கொட்டியதைக் கிளறினால் வெளிப்பக்கத்துச் சாணிப் பூச்சில் என் கை அகலம், உள்பக்கத்துப் பூச்சில் அவளுடைய விரல் பதிந்த கோடு. நடுவில் கரையான் தின்ற வெற்றிடம். இரண்டு மாதம் இரண்டு பேரும் இரண்டு பக்கமும் நின்று அதைப் பூசியிருக்கிறோம்.

மறுபடி பலகைப் பெட்டியை எடுத்தேன். இந்தத் தடவை அவசரப்படவில்லை. சுவர் வைக்கிறவனைக் கூப்பிட்டு, "நீ சொல்லு, நான் செய்யறேன்" என்றேன். அவனுக்கும் முழுசாகத் தெரியாது, இருவரும் சேர்ந்துதான் பார்த்தோம். சக்கையை உலக்கையால் இடித்து உள்ளே இருக்கிற பஞ்சுபோன்ற சோற்றை உதறி எடுத்துவிட்டு நாரை மட்டும் வைத்துக்கொண்டோம். வாயில் போட்டால் இனிக்கக் கூடாது, அதுவரை வாய்க்காலில் அலசினோம். பிறகு சுண்ணாம்புத் தண்ணீரில் ஒரு நாள் ஊறப்போட்டோம். சுண்ணாம்பு நாரின் வழவழப்பைத் தின்றுவிட்டது, தொட்டால் சொரசொரவென்று இருந்தது. மண் அதைப் பிடித்துக்கொண்டது. தேங்காய் நார் மாதிரி வழுக்கிக்கொண்டு வரவில்லை. மிதிக்கும் குழியில் எருக்கந்தழையும் வேப்பம் பிண்ணாக்கும் போட்டு ஒரு வாரம் புளிக்கவிட்டோம். நார் குறைந்தால் வெடித்தது, கூடிப்போனால் மண் சேராமல் உதிர்ந்தது. எத்தனை கட்டி உடைத்தோம் என்று எனக்கு நினைவில்லை.

கடைசியில் நின்ற கட்டியை இரண்டு நாள் தண்ணீர்த் தொட்டியில் போட்டு வைத்து எடுத்தேன். கரையவில்லை. புற்றுக்குப் பக்கத்தில் புதைத்து ஒரு மாசம் விட்டேன். கரையான் கிட்டே வரவில்லை. அந்தக் கட்டியைத் துண்டில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு சித்திரையில் கரையாம்புத்தூருக்கு நடந்தேன்.

கரையாம்புத்தூரும் பிரெஞ்சுக்காரன் ஊர்தான், ஆனால் இடையில் கொஞ்ச தூரம் இங்கிலீஷ்காரன் எல்லை. சுங்கச் சாவடியில் இருந்த சேவகன் மூட்டையை அவிழ்க்கச் சொன்னான்.

"இன்னாய்யா இது?"

"மண்ணுக் கட்டிங்க."

"மண்ண எவனாச்சும் இவ்ளோ தூரம் சொமப்பானா? உள்ள இன்னா வச்சிக் கொழச்சிருக்க?"

"கரும்புச் சக்கைங்க."

என்னைக் கிண்டல் பண்ணுகிறாயா என்று முறைத்தான். பிரெஞ்சு எல்லையிலிருந்து எதையோ கடத்துகிறேன் என்று அவனுக்குத் தீர்மானம். கட்டியைத் தரையில் போட்டுத் தடியால் அடித்தான். கல்லைத் தூக்கிப் போட்டான். வியர்த்துப் போய்விட்டது அவனுக்கு. கடைசியில் ஒரு மூலை மட்டும் பெயர்ந்தது. அதில் நாரைப் பார்த்தவன், "போய்யா, பைத்தியக்காரா" என்று விட்டுவிட்டான். வேறு சமயமாக இருந்தால் சிரித்திருப்பேன்.

அவள் வீட்டு வாசலில் கட்டியை இறக்கினேன். அவள் வெளியே வந்தாள். இடுப்பில் குழந்தை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். அலசினது, ஊறப்போட்டது, புதைத்தது, ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் குழந்தையைக் கீழே விட்டுவிட்டு இரண்டு கல்லை இழுத்துப் போட்டுக் கட்டியைக் குறுக்கே வைத்து ஏறி நின்றாள். குதித்தாள். இறங்கி, பெயர்ந்த மூலையில் இருந்த நாரைப் பிடுங்கப் பார்த்தாள், வரவில்லை. நுனியைக் கடித்துப் பார்த்தாள்.

"இனிப்பு இல்ல" என்றாள்.

"இல்ல."

"எங்கண்ணன் வூட்டு வடக்குச் சொவுரு பேந்து கெடக்குது. இங்க வையுங்க. என் கண்ணுக்கு முன்னால வையுங்க."

வைத்தேன். அவள் அண்ணன் மண் வெட்டினார், நான் மிதித்தேன், அவள் சக்கையை அலசினாள். மூன்று அலசு அலசி, ஒவ்வொரு கைப்பிடியையும் வாயில் வைத்துப் பார்த்துத்தான் கொடுத்தாள். பேச்சு எல்லாம் வேலைப் பேச்சுதான். சோறு முற்றத்தில் இலை போட்டு வந்தது, கூலிக்காரர்களுக்குப் போடுகிற மாதிரி. ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று, ஒவ்வொரு படையும் காய வேண்டும் அல்லவா. நான் வைத்ததிலேயே அதுதான் நல்ல சுவர். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

கடைசிப் பூச்சு காய்ந்த அன்று அவள் பாயை விரித்துக் குழந்தையை அந்தச் சுவரோரம் போட்டாள். தூங்கினதும் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டாள். திரும்பித் திரும்பிப் பார்க்கவில்லை, குழந்தையை எடுத்துக்கொள்ளவும் இல்லை. நான் அவள் பின்னாலேயே போனேன்.

"நானும் இங்கயே இருந்துடட்டா? இல்ல, அங்க இதே மாதிரி வைக்கறேன், வந்துடறியா?"

அவள் முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே சொன்னாள்.

"சொவுத்த நம்பறேன். அலசுனது, ஊற வச்சது, காய வச்சது எல்லாம் கண்ணால பாத்தேன். உங்கள எதுல ஊறப்போட்டுப் பாக்கறது?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். குழந்தை எழுந்து வாசற்படியில் வந்து உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் பேச்சு வந்துகொண்டிருந்தது அவளுக்கு. அந்த வீட்டில் அவளைத் தூக்கி வைத்துக் கொஞ்சுகிற ஆம்பிளை அவளுடைய தாய்மாமன் ஒருவர்தான். அதனால் வருகிற போகிற ஆம்பிளைகளை எல்லாம் அப்படியே கூப்பிடுவாள். என்னைப் பார்த்துச் சிரித்து, கையை நீட்டி, "மாமா" என்றாள்.

என் மனைவி முறத்தோடு நடைக்கு வந்து நின்றிருந்தாள். அவள் திருத்தவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், பழைய வீட்டில் தினம் கேட்டுவிட்டுப் பார்ப்பாளே, அந்த மாதிரி. நான் உட்கார்ந்து, மாமா இல்ல கண்ணு, நான் உன் அப்பா என்று சொல்லியிருக்க வேண்டும்.

"வரேன் கண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தேன்.